ஓடும் நீர் கொந்தளிப்பதேன்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச வந்திருக்கும் விஷயம் கடவுளைப் பற்றியதோ சாதியைப் பற்றியதோ அல்ல. தண்ணீரைப் பற்றியதாகும். குழாயைத் திறந்தால் வருகின்றதே, அந்தத் தண்ணீர்தான். இதில் ஒரு மணி நேரம் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் முன்பு அப்படி நினைத்தவனே. ஆனால் இந்தத் தண்ணீர் விஷயத்தில் நான் ஒரு பொதுக்கூட்டத்தில் தப்பாகப் பேசினதோடு, அதை ஒரு பையன் எடுத்துக் காட்டியும் ஒப்புக்கொள்ளாமல் வந்துவிட்டவன். அந்தக் கடனை இன்று இங்கே தீர்த்துக்கொள்ளலாமென்று உத்தேசித்திருக்கின்றேன்.

நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் வேறொரு ஊரில், ஆற்றுச் சுழலில் ஆள் போவது முனி காவு கேட்பதால்தான் என்று சொல்லுகின்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு வேகத்தில், "தண்ணீரின் வேகம் ஓர் அளவைத் தாண்டினால் அது தானாகவே நிலை தடுமாறிக் கொந்தளிக்கும், குழாய்த் தண்ணீருக்கு அந்த அளவு 2300 என்று விஞ்ஞானிகள் எப்பொழுதோ கண்டுபிடித்து விட்டார்கள், அவ்வளவுதான் சங்கதி" என்று ஒரு போடு போட்டேன். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்ததும் பொறியியல் படிக்கின்ற ஒரு பிள்ளை வந்து, "அய்யா, குழாயில் ஓடும் தண்ணீர் தானாகக் கொந்தளிப்பதில்லை. நீங்கள் சொன்ன 2300ம் சரியான எண் அல்ல" என்றான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. "தம்பி, பாடப் புத்தகத்தில் அச்சுப் போட்டிருக்கின்றது, போய்ப் பார்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. "புத்தகத்தில் போட்டிருக்கின்றது" என்ற இந்த ஒரு வார்த்தையைத்தானே நான் இருபது வருஷமாக மற்றவர்களிடம் கண்டு கேலி செய்து வருகின்றேன்! அவர்களுடைய புத்தகம் பழையது, என்னுடையது புதியது; வித்தியாசம் அவ்வளவுதானே? அன்று இரவு எனக்குச் சரியான தூக்கமில்லை.

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவது வகுப்போடு சரி. ஆகையால் அந்தப் பிள்ளையையே தேடிப் பிடித்து, அவன் கொடுத்த கட்டுரைகளை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்து, விளங்காததை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இப்பொழுது சொல்லப் போகின்றேன். நான் சொல்லுகின்றேன் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டிற்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள்.

இரண்டு வித ஓட்டம்

குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பி போல் அசையாமல் இறங்குகின்றது. அதனூடே பின்னால் இருப்பது தெரியும். நன்றாகத் திறந்துவிட்டால் கம்பி உடைந்து, வெளுத்து, முறுக்கிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு விழுகின்றது. தண்ணீர் அதே தண்ணீர். குழாய் அதே குழாய். முதலாவதைச் சீரோட்டம் என்றும், இரண்டாவதைக் கொந்தளிப்பு என்றும் சொல்லுவோம். ஊதுவத்திப் புகையிலும் இதைக் காணலாம். (ஊதுவத்தியை யாருக்காகக் கொளுத்தினாலும் புகை ஒரே மாதிரிதான் போகும்.) கொஞ்ச தூரம் நூல் பிடித்தாற்போல் மேலே ஏறிப் பிறகு சுருள் சுருளாகக் கலைந்துவிடும்.

இது பார்க்க வேடிக்கையான விஷயம் மட்டுமல்ல. பணத்தைத் தொடுகின்ற விஷயமுமாகும். சீரோட்டத்தில் இரண்டு மடங்கு தண்ணீர் அனுப்ப வேண்டுமானால் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்தால் போதும். கொந்தளிப்பிலோ மூன்றரை முதல் நான்கு மடங்கு வரை கொடுத்தாக வேண்டும். ஊருக்குத் தண்ணீரும், தேசத்திற்கு எண்ணெயும் அனுப்புகின்ற குழாய்களில் எல்லாம் பம்புக்குக் கொடுக்கின்ற மின்சாரத்தில் பெரும் பாகம் இந்தக் கொந்தளிப்பிற்கே தீனியாகப் போய்க்கொண்டிருக்கின்றது.

மான்செஸ்டர் தொட்டி

இதை முதன்முதலில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்பவர். 1842ல் அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்டில் பிறந்து, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துக் கல்லூரியில் பொறியியல் ஆசிரியராயிருந்தவர். 1883ம் வருஷத்தில் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றைக்கும் எடுத்துப் படிக்கப்பட்டு வருகின்றது.

அவர் செய்தது மிகவும் எளிய காரியம். பக்கங்கள் கண்ணாடியாலான ஒரு நீளத் தொட்டி. அதற்குள் படுக்கை வாட்டத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் வாய் நாதஸ்வரத்தின் அணைசு மாதிரி அகன்றிருக்கும். தொட்டித் தண்ணீரை மணிக்கணக்கில் அசையாமல் வைத்திருந்து, பிறகு குழாய் வழியாக மெதுவாக வெளியே விடுவார். குழாயின் வாய்க்கு நேராகச் சாயத் தண்ணீரை ஒரு நூலாகச் செலுத்துவார். மெதுவாக ஓடும்போது அந்தச் சாய நூல் குழாயின் முழு நீளத்திற்கும் கோடு போட்டாற்போல் நேராகப் போயிற்று. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில், வாயிலிருந்து கொஞ்ச தூரம் போன பிறகு, சாயம் திடீரென்று கலைந்து குழாய் முழுவதும் பரவிவிட்டது. மின்சாரப் பொறியின் வெளிச்சத்தில் பார்த்தபோது, கலைந்தது போல் தோன்றியதெல்லாம் தனித்தனிச் சுருள்களாகத் தெரிந்தன.

எந்தக் கட்டத்தில் கலைகின்றது என்பதற்கு அவர் ஒரு கணக்குச் சொன்னார். ஓட்டத்தின் வேகத்தையும் குழாயின் குறுக்களவையும் பெருக்கி, அதைத் திரவத்தின் பிசுபிசுப்பால் வகுத்தால் ஓர் எண் வரும். வேகமும் அகலமும் கலகம் செய்கின்ற கட்சி. பிசுபிசுப்பு அடக்கி வைக்கின்ற கட்சி. எந்தக் கட்சி எத்தனை மடங்கு பலத்தோடு இருக்கின்றது என்பதைத்தான் அந்த எண் காட்டுகின்றது. இப்பொழுது அதற்கு ரெனால்ட்ஸ் எண் என்றே பெயர். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாயில் தண்ணீர் விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் போனால் அந்த எண் சுமார் 2000. அதே குழாயில் அதே வேகத்தில் விளக்கெண்ணெய் போனால் எண் இரண்டு மூன்றுகூடத் தேறாது. விளக்கெண்ணெய் கொந்தளித்து நீங்கள் பார்த்திராததற்குக் காரணம் இதுதான்.

சரி, எந்த எண்ணில் கொந்தளிக்கின்றது? இங்கேதான் தகராறு. ஒரு பக்கத்தில் சுமார் 2000த்திற்குக் கீழே எவ்வளவு கலக்கிவிட்டாலும் ஓட்டம் தானாகவே அடங்கிவிடுகின்றது என்று ரெனால்ட்ஸே கண்டார். மற்றொரு பக்கத்தில் தொட்டியை அசையவிடாமல் மிக ஜாக்கிரதையாகச் செய்தபோது 13,000 வரைக்கும் சாய நூல் அறாமல் போயிற்று. அந்தத் தொட்டி இன்னும் மான்செஸ்டரில் வைக்கப்பட்டிருக்கின்றது. பிற்காலத்தில் அதே தொட்டியில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு 13,000 கிடைக்கவில்லை, சீக்கிரமாகவே கலைந்துவிட்டது. காரணம் என்னவென்றால், வெளியே தெருவில் லாரிகளும் கார்களும் ஓடித் தரை அதிர்கின்றதாம்! 1961ல் இன்னும் கடுமையான கவனத்தோடு செய்தவர் ஒருவர் ஒரு லட்சம் வரைக்கும் சீரோட்டத்தைக் காப்பாற்றிக் காட்டினார்.

ஆகவே, நான் மேடையில் கம்பீரமாகச் சொன்ன 2300 என்பது இயற்கையின் எல்லைக் கல் அல்ல. பொறியியல் வேலைக்கு உதவுவதற்காகப் புத்தகத்தில் போட்டு வைத்த ஒரு நடுத்தரமான எண். அந்தப் பிள்ளை சொன்னதே சரி.

அவன் சொன்ன மற்றொன்றும் சரியே. குழாயிலுள்ள சீரோட்டம் தானாக நிலை தடுமாறுவதில்லை. தஞ்சாவூர்ப் பொம்மையைத் தட்டினால் ஆடிவிட்டுப் பழையபடி உட்கார்ந்துகொள்கின்றதல்லவா? அதைப்போல, மிகச் சிறிய அசைவு எதுவாயிருந்தாலும் அது தேய்ந்து அடங்கிப்போகின்றது என்றுதான் கணக்கில் வருகின்றது. புகைக்கு இந்தக் குணம் இல்லை. அது தானாகவே தடுமாறும். குழாயில் கொந்தளிப்பு வேண்டுமானால் வெளியிலிருந்து ஓர் இடி, போதுமான இடி, விழுந்தாக வேண்டும். எண் பத்து மடங்கானால் பத்தில் ஒரு பங்கு இடியே போதும் என்று 2003ல் அளந்து காட்டினார்கள். அதனால்தான் ஜாக்கிரதைக்காரருக்கு ஒரு லட்சமும், லாரி ஓடுகின்ற தெருவில் சில ஆயிரங்களும்.

செத்துப்போனவர் பெயரில் ஒரு கதை

இந்த இடத்தில் ஓர் உபன்யாசகர் சொல்லக் கேட்ட கதையையும் சொல்லிவிடுகின்றேன். ஒரு பெரிய விஞ்ஞானி சாகும் தறுவாயில், கடவுளைக் கண்டால் இந்தக் கொந்தளிப்பிற்குக் காரணம் கேட்பேன் என்று சொன்னாராம். "பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானம் குழாய்த் தண்ணீரிலேயே கடவுளிடம் சரணடைந்துவிட்டது" என்பது உபன்யாசகரின் முடிவு. இந்தக் கதையைத் தேடிப் பார்த்தேன். சிலர் இதை ஜெர்மனி தேசத்து ஹைசன்பர்க் பெயரில் சொல்லுகின்றார்கள். சிலர் இங்கிலாந்து தேசத்து லாம்ப் பெயரில் சொல்லுகின்றார்கள். ஒரே மரணப் படுக்கையில் இரண்டு பேர் படுத்திருக்க முடியாதல்லவா? இருவரில் எவரும் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தக்க ருஜு இல்லை. நமக்கு அனுகூலமான கதையாயிருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

அவர் சொன்னதில் உண்மையான பாகமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. திரவங்கள் ஓடுவதற்கான சமன்பாட்டை 1822ல் பிரான்சில் நேவியே என்பவரும், 1845ல் இங்கிலாந்தில் ஸ்டோக்ஸ் என்பவரும் எழுதி வைத்தார்கள். எழுதி வைத்தார்களே தவிர, கொந்தளிப்புக்கு அதைத் தீர்த்துச் சொல்லுவது பெரிய கணிதக்காரர்களாலும் ஆகவில்லை. 2000ம் வருஷத்தில் அச்சமன்பாட்டைப் பற்றிய ஓர் அடிப்படைக் கேள்விக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு வைத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று பறைசாற்றி, கண்டுபிடிப்பவனுக்குப் பணமும் தருகின்றேன் என்கிற மடம் ஏதாவது உண்டா?

வயது ஏறாத குமுறல்

பின் எப்படி வழி பிறந்தது? ஓட்டத்தின் ஒவ்வொரு நெளிவையும் பின்தொடருவதை விட்டுவிட்டு, எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள். இது பௌதிக சாஸ்திரத்தில் ஏற்கெனவே பழகின வழிதான். ஒரு சொட்டுத் தண்ணீரில் உள்ள மூலக்கூறுகளின் தொகை ஒன்றுக்குப் பின்னால் இருபத்தொரு பூஜ்யம் போட்டாலும் அதற்கு மேலே போகும். ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போக யாராலும் ஆகாது. ஆயினும் அவை மொத்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சராசரியாலும் வாய்ப்புக் கணக்காலும் சொல்ல முடியும் என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலேயே மாக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் முதலியோர் காட்டியிருந்தார்கள். அதற்குத்தான் புள்ளியியல் பௌதிகம் என்று பெயர்.

குழாயில் எதை எண்ணுவது? ரெனால்ட்ஸே ஒன்றைக் கவனித்திருந்தார். கொந்தளிப்பு ஆரம்பிக்கின்ற கட்டத்தில் குழாய் முழுவதும் ஒரே அடியாகக் கலங்குவதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகக் கலங்கி, நடுவில் சீராகவே இருக்கின்றது. 1973ல் இந்தத் திட்டுகளைத் தனியாக எடுத்து ஆராய்ந்து அதற்குப் 'பஃப்' என்று பெயரிட்டார்கள். நாம் குமுறல் என்று வைத்துக்கொள்ளுவோம். ஒரு குமுறல் குழாயின் குறுக்களவைப்போல் சுமார் இருபது மடங்கு நீளமிருக்கும். ஏறக்குறைய தண்ணீரின் சராசரி வேகத்திலேயே, தன் உருவம் மாறாமல், ரயில் பெட்டி போல் நகர்ந்து போகும். அதற்கு முன்னும் பின்னும் சீரோட்டம்.

பல வருஷம் பார்த்ததில் இந்தக் குமுறலுக்கு இரண்டு கதிகள் உண்டென்று தெரிந்தது. ஒன்று, எந்த முன்னறிவிப்புமின்றி ஒரு கணத்தில் அடங்கிச் செத்துப்போவது. மற்றொன்று, இரண்டாகப் பிளந்து குட்டி போடுவது.

இதில் எனக்கு மிகவும் ஆச்சரியமாகப் பட்டது எதுவென்றால், குமுறலுக்கு வயது ஏறுவதில்லை என்பதுதான். மனிதனென்றால் எண்பது வயதுக் கிழவர் அடுத்த வருஷத்தில் சாவதற்குள்ள வாய்ப்பு, இருபது வயது இளைஞனுக்குள்ளதைவிட ஜாஸ்தி. குமுறலுக்கு அப்படியில்லை. பிறந்து ஒரு நிமிஷமானதற்கும், ஒரு மணி நேரம் ஓடிவந்ததற்கும், அடுத்த விநாடியில் சாகின்ற வாய்ப்பு ஒன்றேதான். நாணயத்தைச் சுண்டும்போது முன்னே பத்துத் தடவை தலை விழுந்தது நாணயத்திற்கு ஞாபகமிராததைப் போல, குமுறலுக்கும் தான் எவ்வளவு நாள் வாழ்ந்தோமென்ற ஞாபகமில்லை.

ஆகையால், எந்தக் குமுறல் எப்பொழுது சாகும் என்று கேட்டால் விஞ்ஞானி கையை விரித்துவிடுவான். ஆனால் ஆயிரம் குமுறல்களை விட்டால் இந்தக் கோட்டைத் தாண்டும்போது எத்தனை மிச்சமிருக்கும் என்று கேட்டால், எண்ணிச் சொல்லிவிடுவான். நீங்களும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நம்மூர் ஜோசியர் காரியம் இதற்கு நேர்மாறானது. ஒரு ஆளுடைய சாவைத் தேதியோடு சொல்லுவார். ஆயிரம் பேரைக் கொடுத்து எண்ணிப் பார்க்கலாம் வாரும் என்றால் பஞ்சாங்கத்தை மூடிவிடுவார்.

இந்த இடத்தில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை வந்தது. ரெனால்ட்ஸ் எண் கூடக் கூடக் குமுறலின் சராசரி ஆயுள் வேகமாக நீளுகின்றது. ஓர் எண்ணில் ஆயுள் முடிவில்லாததாகிவிடும், அதுதான் கொந்தளிப்பு நிலைபெறும் இடம் என்றார்கள் ஒரு சாரார். இல்லை, எவ்வளவு நீண்டாலும் சாவு நிச்சயம் என்று 2006ல் ஹாஃப் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சொன்னார்கள். இரு கட்சியும் தங்கள் தங்கள் அளவுகளைக் காட்டினார்கள். மேலும் மேலும் நீளமான குழாய்களிலும், மேலும் மேலும் அதிகமான தடவையும் அளந்த பிறகு, சாவு நிச்சயம் என்ற கட்சியே நின்றது. அப்படியானால் எல்லாக் குமுறலும் செத்து எல்லாக் குழாயும் கடைசியில் அடங்கிவிட வேண்டுமே, ஏன் அடங்குவதில்லை?

இதற்கு விடை 2011ல் கிடைத்தது. சாவை மட்டும் பார்த்தால் போதாது. பிறப்பையும் பார்க்க வேண்டும் என்று அதே ஹாஃபும் அவிலா முதலானவர்களும் கண்டார்கள். ரெனால்ட்ஸ் எண் கூடினால் சாவதற்கு ஆகும் காலம் நீளுகின்றது. பிளப்பதற்கு ஆகும் காலம் குறைகின்றது. இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டுகின்றன. அந்த இடம் 2040. கூடக் குறையப் பத்து. அதற்குக் கீழே பிறப்பைவிடச் சாவு அதிகம். கொந்தளிப்பு வமிசம் அற்றுப்போகும். அதற்கு மேலே சாவைவிடப் பிறப்பு அதிகம். ஒவ்வொன்றும் சாகத்தான் போகின்றது, ஆனால் வமிசம் நிற்கும். ரெனால்ட்ஸ் கேட்ட கேள்விக்கு 128 வருஷங்கழித்து வந்த விடை இது.

இந்த 2040ஐ எப்படி அளந்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் நம்புவதில் பிரயோஜனமில்லை. அந்த இடத்தில் ஒரு குமுறல் சாவதற்கோ பிளப்பதற்கோ ஆகும் சராசரி காலத்தில், அது குழாயின் குறுக்களவைப்போல் இரண்டு கோடி மடங்கு தூரம் ஓடியிருக்கும். அவர்களுடைய கண்ணாடிக் குழாயின் குறுக்களவு 4 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 80 கிலோமீட்டர் ஆகின்றது! அவர்கள் வைத்திருந்த குழாயோ 15 மீட்டர்தான். எப்படி முடிந்தது? வயது ஏறாத குணந்தான் கைகொடுத்தது. யுரேனியம் பாதியாகக் குறைவதற்குச் சுமார் 450 கோடி வருஷம் ஆகுமென்று சொல்லுகின்றார்கள். யாரும் அவ்வளவு காலம் உட்கார்ந்து பார்க்கவில்லை. கோடானுகோடி அணுக்களை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் எத்தனை உடைகின்றன என்று எண்ணினார்கள். அதே மாதிரி, குறுகிய குழாயில் மீண்டும் மீண்டும் குமுறல்களை விட்டு, அபூர்வமாகப் பிளந்தவை எத்தனை, அபூர்வமாகச் செத்தவை எத்தனை என்று அலுக்காமல் எண்ணினார்கள். ஒரு பெரிய கேள்வியின் முடிச்சு இப்படிக் கணக்குப்பிள்ளை வேலையால் அவிழ்ந்தது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

காப்பித்தூளும் கொந்தளிப்பும்

இனிக் கொஞ்சம் கஷ்டமான பாகம். ஆனால் வீட்டில் காப்பி வடிகட்டியை வைத்திருப்பவர்களுக்குக் கஷ்டமிராது. வடிகட்டியில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகின்றோம். தூளுக்கு நடுவேயுள்ள சந்துகளில் சில திறந்திருக்கும், சில அடைத்திருக்கும். மிகவும் நைசான தூளை அழுத்தி வைத்துவிட்டால் மேலே நனைந்ததோடு சரி, டிகாஷன் இறங்காது. சந்துகள் ஓரளவுக்கு மேல் திறந்திருந்தால் எப்படியோ வழி கண்டுபிடித்துக்கொண்டு அடிவரைக்கும் இறங்கிவிடும். இறங்குவதற்கும் இறங்காததற்கும் நடுவில் துல்லியமான ஓர் எல்லை இருக்கின்றது. இதை 1957ல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இரண்டு இங்கிலீஷ்காரர்கள் கணக்காக்கினார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி வந்தது காப்பியிலிருந்து அல்ல. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் முகமூடியில் உள்ள கரித்தூளின் வழியே காற்று எப்படிப் புகுகின்றது என்ற விசாரணையிலிருந்து வந்தது.

தண்ணீர் கீழ்நோக்கி மட்டும் போகும், மேலே திரும்பாது என்று வைத்துக்கொண்டால் அதற்கு ஒருவழிக் கசிவு என்று சொல்லலாம். இப்பொழுது கீழ்த்திசை என்பதற்குப் பதிலாகக் காலம் என்று போட்டுப் பாருங்கள், காலமும் ஒருவழிதானே! ஒவ்வோர் அடியாகக் கீழே இறங்குவது ஒவ்வொரு கணமாக நகர்வது ஆகிவிடும். நனைந்த இடம் என்பது கொந்தளிக்கின்ற இடம். உலர்ந்த இடம் சீரான இடம். நனைந்த இடம் அடுத்த கணத்தில் பக்கத்து இடத்தையும் நனைக்கலாம், அல்லது தானே உலர்ந்துபோகலாம். ஆனால் சுற்றிலும் உலர்ந்திருக்கின்ற இடம் தானாக ஒருபோதும் நனையாது.

இது தொற்று நோயின் கணக்கேயாகும். 2020ல் கொரோனா வந்தபோது, ஒரு நோயாளி சராசரி எத்தனை பேருக்குக் கொடுக்கின்றார் என்ற எண்ணையே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்றுக்குக் கீழே போனால் நோய் அவியும். மேலே போனால் பரவும். நோய் அறவே இல்லாத ஊரில் நோய் வெறும் காற்றிலிருந்து முளைப்பதில்லை. யாராவது கொண்டு வர வேண்டும். சீரோட்டம் தானாகக் கெடாது என்று அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னதற்கு அர்த்தம் இதுதான். கொந்தளிப்பு என்பது சீரோட்டத்தின் உள்ளேயிருந்து பழுத்து வெடிக்கின்ற கட்டியல்ல. பக்கத்திலிருந்து பக்கத்திற்கு ஒட்டிக்கொள்ளுகின்ற தொற்று.

கொந்தளிப்புக்கும் இந்தக் கசிவுக் கணக்குக்கும் உறவிருக்க வேண்டும் என்று 1986ல் பிரான்சு தேசத்து இவ் பொமோ என்பவர் எழுதினார். அப்பொழுது அது வெறும் யூகம். யூகத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. மாறுநிலைக்குச் சற்று மேலே போகும்போது கொந்தளிக்கின்ற பாகம் எவ்வளவு வேகமாகக் கூடவேண்டும் என்பதைக் கசிவுக் கணக்கு எண்ணாகவே சொல்லுகின்றது. குழாய் போன்ற ஒரு கோட்டு வழியில், மாறுநிலையிலிருந்து நீங்கும் தூரம் 16 மடங்கு கூடினால் கொந்தளிக்கும் பாகம் இரண்டு மடங்கிற்குச் சற்று மேலேதான் கூட வேண்டும். அகன்ற தட்டையான வழியில் ஐந்து மடங்கு கூட வேண்டும். திரவம் எது, பாத்திரம் எது என்பதையெல்லாம் இந்தக் கணக்கு கேட்பதேயில்லை. தண்ணீரானாலும் காட்டுத் தீயானாலும் தொற்று நோயானாலும், விதி ஒரே மாதிரி இருந்தால் எண்ணும் ஒன்றே. முதலில் இதை நம்புவது எனக்குக் கஷ்டமாகவே இருந்தது.

யூகம் சோதனைக்கு வர முப்பது வருஷம் பிடித்தது. முதலில் 2007ல், டெலிவிஷன் திரைகளில் உபயோகிக்கின்ற திரவப் படிகத்தை வைத்து ஜப்பானில் தகெயுச்சி என்பவரும் கூட்டாளிகளும் ஒருவழிக் கசிவின் எண்களை இயற்கையில் கண்டு காட்டினார்கள். பிறகு 2016ல் ஒரே பத்திரிகையில் ஒரே சமயத்தில் இரண்டு சோதனைகள் வெளிவந்தன. டோக்கியோவில் சானோ, தமாய் என்ற இருவர் சுமார் 6 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் மட்டுமே ஆழமுள்ள ஒரு தட்டையான வாய்க்கால் செய்து, தலைமடையிலேயே தண்ணீரைக் கலக்கிவிட்டு, அந்தக் கலக்கம் கடைமடை வரைக்கும் எவ்வளவு பிழைக்கின்றது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் லெமூல், ஹாஃப் முதலியோர் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு உருளைகளின் மிகக் குறுகலான இடைவெளியில் திரவத்தைச் சுழலவிட்டுப் பார்த்தார்கள். முன்னது தட்டை வழி, பின்னது கோட்டு வழி. இரண்டிலும் அளவுகள் கணக்கோடு ஒத்துவந்தன.

ரெனால்ட்ஸின் குழாய் மட்டும் பிடிவாதமாக நின்றது. அங்கே எல்லாம் அவ்வளவு மெதுவாக நடக்கின்றபடியால் எந்தக் குழாயும் நீளம் போதவில்லை. அதற்கொரு தந்திரம் செய்தார்கள். குழாயின் கடைசியில் ஒரு குமுறல் வெளியேறும்போதெல்லாம், தலைப்பில் ஒரு புதுக் குமுறலை உண்டாக்கி விட்டார்கள். வெளியே போன மாடு திரும்பத் தொழுவத்துக்குள் வந்தது போலக் குட்டைக் குழாய் முடிவில்லாத குழாயாகிவிட்டது. குமுறல்கள் சந்தைத் தெருவில் வண்டிகள் நெருக்கிக்கொள்வதைப்போல ஒன்றையொன்று முட்டி நெரிசல் உண்டாக்குகின்றன என்றும், நெரிசல் இருந்தபோதிலும் மாறுநிலையின் குணம் ஒருவழிக் கசிவினுடையதே என்றும் 2024ல் வெளியிட்டார்கள்.

கலக்கி அடக்குதல்

இதனால் என்ன லாபம் என்று ஒரு தோழர் முன்வரிசையிலிருந்து கேட்கின்றார். குமுறல் எதைத் தின்று உயிர் வாழ்கின்றது என்று தெரிந்துவிட்டால் அதைப் பட்டினி போடலாமல்லவா? சீரோட்டத்தில் குழாயின் நடுவில் தண்ணீர் வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் போகின்றது. இந்த வித்தியாசந்தான் குமுறலின் சாப்பாடு. 2018ல் ஹாஃபின் கூட்டத்தார், குழாய்க்குள் சுழலுகின்ற துடுப்புகளை வைத்து, கொந்தளிக்கின்ற தண்ணீரை இன்னும் பலமாகக் கலக்கினார்கள். அப்படிக் கலக்கியதில் நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே வேகத்திற்கு வந்துவிட்டன. சாப்பாடு போயிற்று. கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தால் கொந்தளிப்பு செத்து, தண்ணீர் சீராக ஓடிக்கொண்டிருந்தது. உராய்வும் பல மடங்கு குறைந்திருந்தது. கலகத்தை அதிகக் கலகத்தால் அடக்கினார்கள் என்று சொன்னால் நமது சட்டசபைக்காரர்கள் நம்பமாட்டார்கள், படம் இருக்கின்றது. இது சோதனைச்சாலைக் குழாயில் செய்து காட்டிய காரியம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றேன்.

நிற்க. முனி காவு கேட்கின்ற ஆற்றுச் சுழலைப் பற்றி என்ன சொல்லுகின்றீர் என்று கேட்பீர்கள். அதிலும் நான் அன்று அவசரப்பட்டேன். இடுப்பளவு ஆழமுள்ள ஆறு நடை வேகத்தில் ஓடினாலே அதன் எண் லட்சக்கணக்கில் வந்துவிடும். அங்கே கொந்தளிப்பு நிலைக்குமா நிலைக்காதா என்ற கேள்வியே கிடையாது. ஆறு எப்பொழுதும் கொந்தளித்துக்கொண்டேதான் போகின்றது. ஆகவே குழாய்க் கணக்கைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டது என் தப்பு. ஆளை இழுக்கின்ற சுழலுக்குக் காரணம் வேண்டுமானால் பாலத்தின் தூணையும், பாறையையும், மணல் அள்ளிய பள்ளத்தையும் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர் ஆற்றில் எந்த இடத்தில் எத்தனை அடி பள்ளம் என்று ஒரு மூங்கிலை விட்டு அளந்து, ஒரு பலகையில் எழுதி நட்டு வைப்பதை வாலிபத் தோழர்கள் இந்தக் கோடையிலேயே செய்யலாம்.

மணி ஒன்பதரை ஆகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகின்றார். அன்று என்னிடம் வந்து தப்பென்று சொன்ன அந்தப் பிள்ளை, நான் கேட்டுக்கொண்டதன்பேரில் இன்று இங்கே வந்து, அதோ தூணோரம் உட்கார்ந்திருக்கின்றான். இன்றைக்கு நான் பேசியதில் தப்பிருந்தால், பஸ் வருமுன் மேடைக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி அவன் சொல்லட்டும். வா தம்பி.